முகம் நீளும் பருவம்

திருவனந்தபுரத்தில், கோட்டைப் பகுதியை அடுத்து, ஸ்ரீவராகம் என்னும் ஊர்ப்பகுதி உள்ளது. வராக மூர்த்தியின் கோயிலும், அதையொட்டி விரிந்து கிடக்கும் பெரிய குளமும் அப்பகுதிக்குப் பெயரும் அழகும் தந்தவை. தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் அங்கே வாழ்ந்து வருகின்றன. அக்குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் உத்தியோகம் பார்க்கின்றனர். ஆண்டுக்கு ஒரு முறை, கோடை விடுமுறையில், பேரன் பேத்திகளை அழைத்துக்கொண்டு அவர்கள் ஊருக்கு வருவார்கள். வண்டியை விட்டு இறங்கிய பேரனைப் பார்த்ததும் பாட்டி முதலில் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "என்னடா இது! போன வருஷம் உருண்டை முகமா இருந்தியே, இப்போ இப்படி நீண்டு போயிடுத்தே! அங்கே சரியாச் சாப்பிடறதில்லையா?"

வெளி மாநிலத்தில் குடியிருக்கும் நம் நேயர்களில் இந்தக் கேள்வியைக் கேளாதவர் மிகச் சிலரே இருக்கக்கூடும். தாய் இதைக் கேட்டு மனம் சிறிது வருந்துவாள். பையன் கண்ணாடியின் முன் போய் நிற்பான். பாட்டியின் கண் தவறு செய்யவில்லை. நாள்தோறும் பார்க்கும் பெற்றோருக்குப் புலப்படாத மாறுதல், ஓராண்டு இடைவெளி விட்டுப் பார்ப்பவருக்கு ஒரே நொடியில் புலப்படுகிறது. பையனின் முகம் மெய்யாகவே நீண்டிருக்கிறது. ஆனால் அதற்குக் காரணம் சோறு குறைந்தது என்று அவர் முடிவு கட்டுவதுதான் பொருந்தாது. அப்படியாயின் காரணம் யாது? அதை அறிய, முகத்தை விட்டுவிட்டு, முகத்துக்குப் பின்னே கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் ஓர் எலும்புத் தளத்தை நாம் முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

நமது மண்டையோட்டை இரண்டு பகுதிகளாகப் பிரித்துக் காணலாம். மூளையை மேலிருந்து கவிழ்த்து மூடியிருக்கும் வளைந்த ஓடு ஒன்று; மூளை அமர்ந்திருக்கும் தளம் மற்றொன்று. இத்தளத்தையே கபால அடித்தளம் என்கிறோம். மூக்கின் வேரில், இரு புருவங்களுக்கும் இடையே தொடங்கி, கண் குழிகளுக்கும் மூக்கிற்கும் மேலாகப் பின்னோக்கிச் சென்று, தலையின் நடுவில் ஒரு சிறு பள்ளத்தை அடைந்து, அங்கிருந்து கீழ்நோக்கிச் சரிந்து, முதுகுத் தண்டு நுழையும் பெருந்துளையின் விளிம்பில் இத்தளம் வந்து முடிகிறது. நடுவில் உள்ள அச்சிறு பள்ளத்தில்தான், உடலின் வளர்ச்சியை ஆளும் பிட்யூட்டரி சுரப்பி குடிகொண்டிருக்கிறது. குதிரைச் சேணம் போன்ற வடிவுடையதாதலால் அப்பள்ளத்தை உடற்கூற்று நூலார் துருக்கிச் சேணம் என்று அழைப்பர். சேணத்துக்கு முன்னே உள்ளது முன் அடித்தளம். பின்னே உள்ளது பின் அடித்தளம்.

மேலே மூடியிருக்கும் ஓடு வளர்வதற்கும் அடித்தளம் வளர்வதற்கும் வேறுபாடு உண்டு. மூளை பெருக்கப் பெருக்க ஓட்டின் எலும்புகள் அகன்று கொடுத்து, அவற்றின் இணைப்புகளில் புதிய எலும்பு படிகிறது. ஆறேழு வயதுக்குள் மூளை தனது முழு அளவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை எட்டிவிடுவதால், ஓடும் அதற்குள் பெரும்பாலும் வளர்ந்து விடுகிறது. அதனால்தான் ஏழு வயதுச் சிறுவனின் தொப்பிக்கும் தந்தையின் தொப்பிக்கும் இடையே நாம் எதிர்பார்க்கும் அளவு வேற்றுமை இருப்பதில்லை.

அடித்தளத்திலோ எலும்புகளுக்கு இடையே குருத்தெலும்புப் பட்டைகள் உள்ளன. கை கால்களின் நீண்ட எலும்புகளை வளர்க்கும் குருத்தெலும்பைப் போன்றே இவையும் வளர்ந்து, வளர்ந்து, எலும்பாக மாறுகின்றன. முன் அடித்தளத்தில் உள்ள பட்டை ஏறத்தாழ ஏழு வயதில் தன் வேலையை முடித்துக்கொள்கிறது. அதன் பிறகு அப்பகுதியில் மூளையை நோக்கியுள்ள பரப்பு ஏறக்குறைய மாறாமல் நின்றுவிடுகிறது. மூக்கின் வேர் மட்டும், நெற்றியெலும்பினுள் காற்றறை பெருகுவதால், சிறிது சிறிதாக முன்னே நகரும். பின் அடித்தளத்தில், சேணத்துக்கும் பெருந்துளைக்கும் நடுவே உள்ள பட்டையின் கதை வேறு. அது குமரப் பருவம் வரை உயிரோடு இருந்து வளர்கிறது. பெண் குழந்தைகளில் ஏறத்தாழ 12 முதல் 14 வயதிலும், ஆண் பிள்ளைகளில் அதற்கு ஈராண்டு பிந்தியும் அது மூடிக்கொள்வது வழக்கம். ஆளுக்கு ஆள் இதில் முன்பின் உண்டு.

இனி முகத்துக்கு வருவோம். பிறந்த குழந்தையின் மண்டையோட்டில் முகத்தின் பங்கு எட்டில் ஒன்றே. வளர்ந்த மனிதனில் அது ஏறத்தாழ பாதியாகிறது. அதாவது, தலை முந்திக்கொள்கிறது. முகம் பின்தங்கி வந்து, பிறகு நெடுங்காலம் வளர்கிறது. முகத்தின் வளர்ச்சிக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் அகலம் முடிகிறது, அடுத்து முன்பின் ஆழம், கடைசியில்தான் உயரம். இங்கே முக உயரம் என்று நாம் சொல்வது, மூக்கின் வேரிலிருந்து மோவாயின் அடி வரையுள்ள அளவையாகும். வயது வந்தோரில் அது பெரும்பாலும் 11 முதல் 13 சென்டிமீட்டர் வரை இருக்கும்; அதில் பாதிக்குச் சற்று மேல், அதாவது நூற்றுக்கு 55 பங்கு, மூக்கின் அடிக்குக் கீழே உள்ள பகுதி. அகலம் நின்ற பிறகும் உயரம் வளர்ந்துகொண்டே இருப்பதால், பத்து வயதில் உருண்டையாக இருந்த முகம் பதினைந்து வயதில் நீண்டு தோன்றுகிறது. பாட்டி கண்டது இதைத்தான்.

அடித்தளத்துக்கும் முக உயரத்துக்கும் என்ன உறவு? இங்கே ஸ்ரீவராகத்து மூர்த்தியின் திருவுருவம் நமக்கு ஒரு நல்ல பாடம் சொல்கிறது. மனித உடலும் வராக முகமும் கொண்ட வடிவைச் செதுக்கும் சிற்பி, முகத்தை நெற்றிக்கு முன்னே நீட்டி அமைக்கிறான். இயற்கையிலும் அப்படியே. பன்றி முதலிய விலங்குகளில் கபால அடித்தளம் ஏறக்குறைய நேராகக் கிடக்கிறது. ஆகவே முகம் மூளைக்கு முன்னே நீள்கிறது. மனிதனிலோ அடித்தளம் சேணத்தின் அருகே வளைந்துள்ளது. முன் அடித்தளத்துக்கும் பின் அடித்தளத்துக்கும் இடையே உள்ள கோணம் ஏறத்தாழ 130 பாகை. இவ்வளைவினால் நம் முகம் மூளைக்கு முன்னே நில்லாமல், மூளையின் அடியில் ஒதுங்கி நிற்கிறது. முன்னே நீளவேண்டிய வளர்ச்சியின் பெரும் பங்கு கீழே இறங்குகிறது. வாழ்வின் முதல் சில ஆண்டுகளிலேயே பெரும்பாலும் அமைந்துவிடும் இக்கோணம், பின்னர் வரும் முக உயரத்துக்கு வழி வகுத்து வைக்கிறது.

இவ்வுறவை மேலும் தெளிவாக விளங்கிக்கொள்ள, நம் பழைய வீடுகளின் கூடத்தில் தொங்கும் ஊஞ்சலை நினைவுகூர்வோம். மேலே உத்தரம், அதிலிருந்து முன்னும் பின்னுமாகச் சங்கிலிகள், கீழே பலகை. கபால அடித்தளமே உத்தரம். கீழ்த்தாடையே பலகை. மேல்தாடையும் பற்களும் சேர்ந்த முன் முக உயரம் முன் சங்கிலி. காதின் அருகே தாடை மூட்டிலிருந்து தாடைக் கோணம் வரை இறங்கும் பின் முக உயரம் பின் சங்கிலி. முன் சங்கிலியும் பின் சங்கிலியும் ஒத்து நீண்டால் பலகை சமமாக இறங்கும். முன் சங்கிலி மட்டும் மிகுதியாக நீண்டால் பலகை முன்பக்கம் சாயும், மோவாய் கீழும் பின்னுமாகச் செல்லும், முகம் நீளும், உதடுகள் இயல்பாகச் சேர மறுக்கும். பின் சங்கிலி மிகுதியாக நீண்டாலோ மோவாய் முன்னே எழும். முகம் குறுகிச் சதுரமாகத் தோன்றும். பின் உயரம் முன் உயரத்தில் நூற்றுக்கு 62 முதல் 65 பங்கு வரை இருப்பதை நடுத்தரம் எனப் பல் சீரமைப்பு நிபுணர் கொள்வது வழக்கம்.

இப்போது, குமரப் பருவம் வரை வளரும் அந்தப் பின் குருத்தெலும்பை மீண்டும் நினைவில் கொள்வோம். தாடை மூட்டு அமைந்திருப்பது அடித்தளத்தின் நடு, பின் பகுதிகளை ஒட்டிய எலும்பில். பின் குருத்தெலும்பு வளரும்போது, அம்மூட்டு மேல்தாடையை விட்டுப் பின்னும் கீழுமாக விலகுகிறது. உத்தரத்தில் பின் கொக்கியைச் சிறிது இறக்கி மாட்டியது போல ஆகிறது. ஆகவே, பதின்மூன்று வயதுப் பையனின் முகம் எந்தச் சாய்வில் இறங்கும் என்பதில், வெளியே காணும் மோவாய்க்கும் பல்லுக்கும் மட்டுமின்றி, தலையின் நடுவே மறைந்திருக்கும் ஒரு குருத்தெலும்புப் பட்டைக்கும் பங்கு உண்டு.

உயிரோடு இருக்கும் பிள்ளையின் தலைக்குள் இவற்றை எப்படிக் கண்டார்கள் என்று நேயர்கள் கேட்கலாம். 1931-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்தில் பிராட்பென்ட் என்பவரும், அதே ஆண்டு ஜெர்மனியில் ஹோஃப்ராத் என்பவரும், தலையை அசையாமல் நிறுத்தி எக்ஸ்ரே எடுக்கும் முறையைத் தனித்தனியே வெளியிட்டார்கள். காதுகளில் இரு தண்டுகளைப் பொருத்தித் தலையை நிலைநிறுத்தி, எக்ஸ்ரே குழாயை ஐந்தடி தொலைவில் எப்போதும் ஒரே இடத்தில் வைத்தால், ஆண்டுதோறும் எடுக்கும் படங்களை ஒன்றன் மேல் ஒன்று வைத்து ஒப்பிடலாம். எதை ஆதாரமாகக் கொண்டு ஒப்பிடுவது? ஏழு வயதுக்குப் பின் ஏறக்குறைய மாறாமல் நிற்கும் முன் அடித்தளத்தைத்தான். அந்த ஓர் இடத்தைப் பொருத்திவைத்துப் பார்த்தபோது, முகம் அதிலிருந்து ஆண்டுக்காண்டு கீழும் முன்னுமாக இறங்கி வருவது படத்தில் தெளிவாகத் தெரிந்தது. வீட்டுக் கதவு நிலையில் பிள்ளைகளின் உயரத்தைக் கோடிட்டு வைக்கிறோம் அல்லவா? நிலை அசையாததால்தான் கோடுகளுக்குப் பொருள் உண்டு. முகத்துக்கு அந்த நிலையாக வாய்த்தது முன் அடித்தளம்.

1950-களில் டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரில் ஆர்னே பியோர்க் என்னும் அறிஞர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். பிள்ளைகளின் தாடையெலும்புகளில் மிக நுண்ணிய உலோக ஊசிகளைப் பதித்து, அவை எவ்வாறு இடம் மாறுகின்றன என்று ஆண்டுக்கணக்கில் எக்ஸ்ரே மூலம் கவனித்தார். வளரும் தாடை நேர்க்கோட்டில் இறங்குவதில்லை, வளர்ந்தபடியே சுழல்கிறது என்பது அதனால் உறுதியாயிற்று. பெரும்பாலோரில் சுழற்சி முன்னோக்கியது, சிலரில் பின்னோக்கியது. பின்னோக்கிச் சுழல்வோரின் முகமே மிகுதியாக நீள்கிறது.

அப்படியானால் அடித்தளத்தை அளந்து முகத்தின் எதிர்காலத்தைச் சோதிடம் போலச் சொல்லிவிடலாமா? முடியாது. சில பிறவி நிலைகளில் உறவு மிக நெருக்கமாகத் தோன்றுவது உண்மையே. அகாண்ட்ரோபிளேசியா என்னும் நிலையில் குருத்தெலும்பின் வளர்ச்சி குன்றுவதால், கை கால்கள் குட்டையாவதுடன் கபால அடித்தளமும் குறுகுகிறது. மேல் ஓடு மட்டும் மூளையோடு வளர்ந்து நெற்றி புடைக்கிறது. மூக்கின் பாலம் தாழ்ந்து முகத்தின் நடுப்பகுதி உள்ளடங்குகிறது. ஆனால் பொதுவாக வளரும் பிள்ளைகளில், அடித்தளத்தின் நீளத்துக்கும் முக உயரத்துக்கும் உள்ள தொடர்பு தளர்ந்த தொடர்பே. அடித்தளம் ஒன்று போலுள்ள இரு பிள்ளைகளில் ஒருவன் முகம் நீண்டும் மற்றவன் முகம் குறுகியும் இருக்கக்கூடும். உத்தரம் எங்கே மாட்டலாம் என்பதை மட்டும் சொல்கிறது. சங்கிலி எவ்வளவு நீளும் என்பதற்குத் தாடை, பல், நாக்கு, தசை, மூச்சு என்று வேறு பல காரணங்கள் உள்ளன.

மண்டையோட்டை அளந்து மனிதனை வகைப்படுத்தலாம் என்று நம்பிய காலம் ஒன்று இருந்தது. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் தலைவராக 1885 முதல் 1908 வரை விளங்கிய எட்கர் தர்ஸ்டன், தென்னிந்திய மக்களின் தலையையும் மூக்கையும் அளவுகோல் கொண்டு அளந்தார். சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அளவுகளைக் கொண்டு குலத்தைப் பிரிக்கலாம் என்பது அக்கால நம்பிக்கை. அதற்குச் சில ஆண்டுகளுக்குள், அமெரிக்காவில் பிரான்ஸ் போவாஸ் என்பவர் குடியேறிய குடும்பங்களை அளந்து, புதிய நாட்டில் பிறந்த பிள்ளைகளின் தலை வடிவம் பெற்றோரின் வடிவத்திலிருந்து சிறிது மாறியிருப்பதாக எடுத்துக் காட்டினார். அம்மாறுதல் எவ்வளவு என்பது பற்றி இன்றும் வாதம் உண்டு. ஆயினும் மண்டையோட்டு அளவு ஒரு குலத்தின் அழியாத முத்திரை என்னும் கொள்கை விஞ்ஞானத்தில் நிலைக்கவில்லை. பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலத்தில் பிள்ளைகளை வளர்க்கும் நாம் இதை மனத்தில் இருத்துவது நல்லது. "நம் பக்கத்து முகம் இல்லை" என்று ஒரு குழந்தையைச் சொல்வதில் பொருள் ஒன்றும் இல்லை.

பெற்றோர் கவனிக்க வேண்டியது வேறொன்று. அது பிள்ளையின் மூச்சு. மூக்கின் பின்புறம், தொண்டையின் மேல் பகுதியில், அடினாய்டு என்னும் சதை உள்ளது. மூன்று முதல் ஏழு வயது வரை பெருத்திருந்து, குமரப் பருவத்தில் அது தானே சுருங்கும். சில பிள்ளைகளுக்கு அது அளவு மீறிப் பெருத்து மூக்கின் வழியை அடைக்கிறது. அப்போது பிள்ளை வாயைத் திறந்து மூச்சு விடுகிறது, தாடை தாழ்கிறது, நாக்கு கீழே இறங்குகிறது, முன் சங்கிலி நீள இடம் கிடைக்கிறது. சுவீடனில் லிண்டர்-ஆரன்சன் என்பவர் 1970-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மூக்கடைப்புள்ள பிள்ளைகளின் முகம் நீண்டிருப்பதைக் காட்டினார்; அடைப்பை நீக்கிய பின் பலர் நடுத்தர அளவை நோக்கித் திரும்பியதையும் அவர் கண்டார். அமெரிக்காவில் ஹார்வோல்ட் என்பவர் இளங்குரங்குகளின் மூக்கை அடைத்துப் பார்த்தபோது தாடைகள் மாறின. ஆனால் எல்லாக் குரங்குகளிலும் ஒரே விதமாக மாறவில்லை. ஆகவே, வாயால் மூச்சு விடும் பிள்ளைக்கெல்லாம் முகம் நீளும் என்றோ, நீண்ட முகத்துக்கெல்லாம் மூச்சே காரணம் என்றோ கொள்ளலாகாது. பெற்றோரும் பாட்டன் பாட்டியும் நீண்ட முகமுடையவர்களாயின் பிள்ளையும் அவ்வாறிருப்பதே இயல்பு.

எனினும் காலம் என்பது இங்கே முக்கியம். முன் அடித்தளம் ஏழு வயதில் நின்றுவிடுகிறது. முக உயரமோ பதினாறு, பதினெட்டு வரை வளர்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளே, தாடை இன்னும் திசை மாறக்கூடிய பருவம். உறங்கும்போது வாய் திறந்திருத்தல், நாள்தோறும் குறட்டை, காலையில் உலர்ந்த உதடு, சும்மா இருக்கும்போதும் சேராத உதடுகள், கடைவாய் கடித்தும் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமை: இவற்றுள் ஏதேனும் நீடித்துக் காணப்பட்டால், முதலில் காது மூக்கு தொண்டை டாக்டரிடமும், பிறகு பல் சீரமைப்பு நிபுணரிடமும் பிள்ளையைக் காட்டுவது நலம். ஏழெட்டு வயதிலேயே காட்டலாம். பதினெட்டில் வளர்ச்சி முடிந்த பிறகு செய்வதற்குப் பெரும்பாலும் அறுவை மருத்துவமே மிஞ்சும்.

இதற்காகச் சொந்த ஊருக்கு வந்தாக வேண்டும் என்பதும் இல்லை. கொல்கத்தாவில் 1920-லும், சென்னையில் 1953-லும், திருவனந்தபுரத்தில் 1959-லும் பல் மருத்துவக் கல்விக் கூடங்கள் தோன்றின. இன்று எல்லாப் பெரு நகரங்களிலும் உள்ளன. அங்கே எக்ஸ்ரே அளவுகளைச் சொல்லும்போது, எந்த மக்களிடம் எடுத்த சராசரியோடு ஒப்பிடுகிறார்கள் என்று கேட்பதில் தவறில்லை. பழைய அட்டவணைகள் பல அமெரிக்க வெள்ளைப் பிள்ளைகளின் முகங்களிலிருந்து வந்தவை. தென்னிந்தியரின் பற்களும் உதடுகளும் இயல்பாகவே சற்று முன் நிற்பவை. அதைக் குறை என்று எண்ணித் திருத்த முயல வேண்டியதில்லை.

மற்றுமொரு வழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது மூக்கைப் பிடித்துவிடுவதும் தலையை உருட்டிவிடுவதும் நம் வீடுகளில் உண்டு. பச்சிளங் குழந்தையின் மேல் ஓடு மென்மையானது, அதை அழுத்தலாகாது. அடித்தளமோ எந்தக் கைக்கும் எட்டாத ஆழத்தில் உள்ளது. ஆகவே, அழுத்தத்தால் முகத்துக்கு வடிவு தரலாம் என்று எண்ணுவது வீண். எண்ணெயும் அன்பும் போதும்.

அடுத்த கோடையில் ஸ்ரீவராகத்துக்கோ, தஞ்சைக்கோ, நெல்லைக்கோ பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது, பாட்டி அதே கேள்வியைக் கேட்பார். அவர் கண்டது சரியே என்று சொல்லுங்கள். சோற்றில் குறையில்லை, பிள்ளைக்கு முகம் நீளும் பருவம் வந்துவிட்டது என்றும் சொல்லுங்கள். கதவு நிலையில் அவன் உயரத்தைக் கோடிடும் அன்றே, ஒவ்வோர் ஆண்டும் அதே இடத்தில், அதே தொலைவில் நிறுத்தி, முகத்தைப் பக்கவாட்டில் ஒரு புகைப்படமும் எடுத்து வையுங்கள். அன்று இரவு அவன் உறங்கும்போது வாய் மூடியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு விளக்கை அணையுங்கள். மூடியிருந்தால் கவலைப்பட ஒன்றும் இல்லை. திறந்தே இருந்தால், டாக்டரிடம் காட்ட இன்னும் காலம் இருக்கிறது.